அறுபட்ட மூக்கும் அடைபட்ட மூச்சும்

கோணமாமலையில் இராவணன் வெட்டை வெளியூர் நண்பர்க்குக் காட்டும்பொழுது, அவன் தங்கை சூர்ப்பனகையின் கதையும் கூடவே வந்துவிடுகின்றது. இராமாயணத்துப் பெரும்போர் ஒரு மூக்கு அறுபட்டதில் மூண்டது என்று நம் பாட்டிமார் சொல்வர். சபையிலே தலைகுனிந்தவனை 'மூக்கறுபட்டான்' என்கின்றோம். அழகுள்ள பிள்ளையை 'மூக்கும் முழியுமாக இருக்கிறது' என்கின்றோம். மூக்கு என்றால் மானம், மூக்கு என்றால் அழகு. இவ்விரண்டுக்கும் முன்னே அது மூச்சு விடும் வழி என்பதைப் பேச்சு வழக்கில் நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. மருத்துவ உலகமும் நெடுங்காலம் அதை எண்ணவில்லை. அறுபட்ட மூக்கை மீட்ட கலையின் சரித்திரத்தை, இந்த மூச்சின் பக்கமாக நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூக்கறுத்தல் புராணத்தோடு போயிருந்தால் இக்கலைக்கே தேவை இருந்திராது. 1650 களின் பிற்பகுதியில் மைசூர்ப் படைகள் திருமலை நாயக்கரின் மதுரை நாட்டினுட் புகுந்து, அகப்பட்டவரின் மூக்குகளை மேலுதட்டோடு சேர்த்து அறுத்து மூட்டை கட்டித் தம் அரசனுக்கு அனுப்பின. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. இராமநாதபுரம் சேதுபதி படையோடு வந்து மதுரையைக் காத்த பின்னர், நாயக்கரின் சேனை மைசூருக்குட் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. தமிழ்நாட்டார் இதனை 'மூக்கறுப்புப் போர்' என்றே வழங்குகின்றனர். முதலிற் செய்தவரையும் திருப்பிச் செய்தவரையும் ஒரே தராசில் நிறுக்கவே நமக்கு மனம் வருகின்றது.

நம் தீவிலும் இது நடந்தது. நமது கொட்டியாரக் குடா ஒருகாலம் கண்டி அரசின் கடல்வாசலாக இருந்தது என்பதை மூதூரார் அறிவர். 1660 இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் பிடிபட்டதும் இக்கரையிலேதான். அந்தக் கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் ஆட்சியில், 1814 ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில், கரைநாட்டு வணிகர் பதின்மர் ஒற்றர் என்று பிடிக்கப்பட்டு மூக்கும் காதும் கையும் துணிக்கப்பட்டனர். எழுவர் இறந்தனர். எஞ்சிய மூவர், வெட்டப்பட்ட உறுப்புகள் கழுத்திலே தொங்க, கொழும்பை அடைந்தனர். போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு இது வாய்ப்பாயிற்று. 1815 பெப்ரவரியிற் கண்டி வீழ்ந்தது. மார்ச் 2 ஆம் திகதி உடன்படிக்கை எழுதப்பட்டது. அரசன் நாயக்க மரபினன். மதுரையோடு உறவுள்ள குடியிற் பிறந்தவன். மூக்கறுப்பின் கதை எங்கெங்கோ சுற்றி அந்த வழியாகவும் வந்து சேர்கின்றது.

இனி மூக்கை மீட்டவர்களிடம் வருவோம். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நாம் ஹிப்பொக்கிரட்டீசையும் கேலனையும் ஹார்வியையும் மனப்பாடம் செய்தோம். சுசுருதரின் பெயரை வகுப்பறையிற் கேட்ட நினைவில்லை. நம் மன்றங்களின் மேடைகளிலோ, 'எல்லாம் நம் ஏட்டில் அன்றே உண்டு' என்ற ஒரே வாக்கியத்தோடு சுசுருதர் போற்றப்பட்டுக் கைதட்டலும் பெற்றுவிடுகின்றார். அந்த ஏட்டில் என்ன உண்டு, என்ன இல்லை என்பதை இரு சாராரும் திறந்து பார்ப்பதில்லை. நாம் சற்றே திறந்து பார்ப்போம்.

சுசுருத சங்கிதை ஒரே காலத்தில் ஒரே கையால் எழுதப்பட்ட நூலன்று. பல நூற்றாண்டுகளிற் படிப்படியாகத் திரண்டது என்பர் ஆராய்ச்சியாளர். அதன் சூத்திரத்தானத்துப் பதினாறாம் அத்தியாயம் காது குத்துவதிலே தொடங்குகின்றது. குத்திய துளை பெருத்து அறுந்த காதை ஒட்டும் வகைகள் பலவற்றைச் சொல்லி முடித்தபின், மூக்கை ஒட்டும் முறை சில சுலோகங்களிலே வருகின்றது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த இலையின் அளவுக்குக் கன்னத்துத் தோலை, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்க, சீவி எடுக்க வேண்டும். மூக்கின் அடிக்கட்டையைக் கீறிப் புண்ணாக்கி, அத்தோலை அதன்மேல் விரைவாகப் பொருத்திக் கட்ட வேண்டும். பின் இரு குழாய்களை வைத்து மூக்கை உயர்த்தி, சப்பங்கி, அதிமதுரம், அஞ்சனம் இவற்றின் தூளைத் தூவி, பஞ்சினால் மூடி, எள்ளெண்ணெய் விட்டு வரவேண்டும். ஆறியபின் குறையாக இருந்தால் வளர்க்கவும், சதை மிஞ்சினால் வெட்டிச் சமன் செய்யவும் முயல வேண்டும் என்று அவ்விடம் முடிகின்றது.

அந்த இரு குழாய்களே நம் கவனத்துக்குரியவை. மூலத்தில் 'இரு நாடி' என்ற அளவிலேதான் உள்ளது. ஆமணக்குத் தண்டு என்றும், மூச்சு தடையின்றி ஓடுதற்பொருட்டு என்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்த வங்காள வைத்தியர் விளக்கம் தந்தார். புதிதாக ஒட்டிய தோல் உள்ளே அமுங்கிவிடாமல் தாங்குவதற்கும் அவை பயன்பட்டிருக்கும். எவ்வாறாயினும், மூக்கை முகத்தில் ஒட்டிய சதைத் துண்டாக மட்டும் கருதியவர் இதனை எழுதியிருக்க முடியாது. துவாரம் இரண்டும் திறந்திருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது.

அதே நூலின் சரீரத்தானத்தில் எலும்புகள் ஐவகையாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் 'தருணம்' என்பது ஒன்று; இளமையானது, மென்மையானது என்று பொருள். அது மூக்கிலும் காதிலும் கழுத்திலும் கண்குழியிலும் உள்ளது என்கின்றார். இதனைத்தான் தமிழ்நாட்டார் குருத்தெலும்பு என்றும், நம் இலங்கைப் பாடநூல்கள் கசியிழையம் என்றும் சொல்கின்றன. தென்னங்குருத்தைப்போல வளையும், விட்டால் நிமிரும். மூக்கிலும் காதிலும் இருப்பது ஒரே வகை இளவெலும்பு என்று சங்கிதை கண்டுவிட்டது. காதை ஒட்டும் முறையையும் மூக்கை ஒட்டும் முறையையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வைத்தும்விட்டது. ஆயினும் காதிலுள்ள இளவெலும்பை எடுத்து மூக்குக்குத் தூணாக நிறுத்தலாம் என்ற ஒரு படியை அது ஏறவில்லை. அதற்கு இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 'எல்லாம் அன்றே உண்டு' என்போர் இவ்விடத்திற் சற்று நின்று போதல் நன்று. இவ்வளவு அருகே வந்தார்கள் என்பதே நமக்குப் போதிய பெருமை.

ஏட்டிலிருந்த வித்தை கைக்கு இறங்கிய கதை வேறு. நூல் கற்ற வைத்தியர், இரத்தமும் சீழும் தொடும் தொழிலை மெல்ல மெல்லக் கைவிட்டனர். கத்தி வேறு குலத்தாரின் கைக்குப் போயிற்று. பின்னாளிற் சென்னையில் வாழ்ந்து மறைந்த மனூச்சி என்னும் வெனிஸ் நகரத்தார், ஔரங்கசீப்பு பிஜப்பூரோடு பொருத காலத்துச் செய்தியைத் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். புல்லும் விறகும் தேடிப் போன மொகலாயப் படையாட்களின் மூக்குகளை எதிரிகள் அறுத்து அனுப்பினர். அவ்விடத்து வைத்தியர் நெற்றித் தோலைக் கீறிக் கீழே திருப்பி மூக்கின்மேல் ஒட்டினர். அவ்வாறு மூக்குப் பெற்ற பலரைத் தாமே கண்டதாகவும் அவர் சொல்கின்றார். சங்கிதை சொன்னது கன்னத் தோல், இவர்கள் எடுத்தது நெற்றித் தோல் என்ற வேற்றுமையை நோக்குக. நூலை அப்படியே ஒப்பித்தவர்களாயின் இம்மாற்றம் வந்திராது. நெற்றித் தோல் தடித்தது, இரத்தவோட்டம் மிக்கது, நிறத்தால் மூக்கோடு ஒப்பது. செய்து செய்து பழகிய கைகளே இதனைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

உலகம் இதனை அறிந்தது ஒரு மாட்டுவண்டிக்காரனால். திப்பு சுல்தானுக்கு எதிரான 1792 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவன் திப்புவின் ஆட்களிடம் அகப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். ஏறக்குறைய ஓராண்டு மூக்கின்றி இருந்தபின், பூனாவுக்கு அருகே குயவர் குலத்து ஒருவர் அவனுக்கு நெற்றித் தோலால் மூக்கு ஆக்கிக் கொடுத்தார். பம்பாய் இராணுவ வைத்தியர் குரூசோவும் பின்லேயும் இச்சிகிச்சையைக் கண்ணாற் கண்டனர். 1794 ஒக்டோபரில் லண்டனின் 'ஜென்ரில்மன்ஸ் மகசீன்' என்னும் சஞ்சிகை படத்தோடு இதனை வெளியிட்டது. முதலில் மெழுகை மெல்லிய தகடாக்கி மூக்குப்போல் வனைந்து பொருத்திப் பார்த்தனர். அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கீறி, கண்களுக்கிடையே சிறு காம்பு மட்டும் உடலோடு நிற்க, தோலைப் பிரித்துத் திருப்பி இறக்கினர். ஊசி நூல் இல்லை. வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைக் குழைத்துத் துணியிற் பூசி, ஐந்தாறு மடிப்பாக ஒட்டினர். நாலு நாளின்பின் நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள் மூக்குத் துவாரங்களில் மென்துணித் திரிகளைச் செருகி, அவை மூடிவிடாமற் காத்தனர். இருபத்தைந்தாம் நாளளவிற் காம்பை அறுத்தனர்.

பத்தாம் நாளின் அந்தத் துணித்திரி, சங்கிதையின் இரு நாடிகளுக்குத் தம்பி முறையானது. ஏட்டுக்கும் குயவருக்கும் இடையே எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும், துவாரத்தைத் திறந்து வை என்ற அறிவுரை அறுந்துபோகவில்லை.

இச்சிகிச்சை பெற்றவன் பெயர் காவஸ்ஜி. பார்த்த வைத்தியரின் பெயர்கள் உள்ளன. படம் தீட்டிய ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியரின் பெயரும் உண்டு. சிகிச்சை செய்த குயவரின் பெயர் மட்டும் அச்சேறவில்லை. வெள்ளைக்காரர் மறைத்தார் என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. நம்மவர் ஏட்டிலும் அப்பெயர் இல்லையே! சக்கரத்தில் மண்ணை வனைந்த விரல்கள் மெழுகில் மூக்கை வனைந்தன. அந்தக் குலத்தாருக்கு நம் சபைகளில் எந்த இடம் கிடைத்தது என்பது, இந்து இளைஞர் என்று பெயர் பூண்ட நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்னும் சத்திர வைத்தியர் இச்செய்தியை வாசித்து, பிரேதங்களிற் பழகி, இந்தியாவிலிருந்து மீண்டவர்களிடம் உசாவி, 1814 ஒக்டோபர் 23 இல் ஓர் இராணுவ உத்தியோகத்தருக்கு நெற்றித் தோலால் மூக்கு ஆக்கினார். மயக்கமருந்து அன்று இல்லை. ஈதர் வந்தது 1846 இல். கண்டியில் வணிகரின் மூக்குகள் அறுபட்ட அதே ஆண்டு, ஏறத்தாழ அதே மாதங்கள்! கார்ப்யூவின் நூல் 1816 இல் வந்தது. இரண்டாண்டின் பின் பெர்லினில் கிறேபே ஒரு நூல் எழுதினார். ஐரோப்பாவில் இது 'இந்திய முறை' என்றே பெயர் பெற்றது. அதற்கு முன், 1597 இல், பொலோஞாவின் தாலியகோட்சி புயத்துத் தோலைக்கொண்டு மூக்கு ஆக்கும் முறையைப் பெருநூலாக எழுதியிருந்தார். நோயாளி கையை முகத்தோடு கட்டிக்கொண்டு வாரக்கணக்கிற் கிடக்க வேண்டிய அம்முறை வழக்கொழிந்து போயிருந்தது.

ஆனால் இந்திய முறையை ஏற்ற ஐரோப்பியர் விரைவில் ஓர் ஏமாற்றத்தைக் கண்டனர். ஆறிய முதல் மாதத்தில் அழகாக நின்ற மூக்கு, ஆண்டொன்று செல்லச் சுருங்கியது, முதுகு இறங்கியது, துவாரங்கள் ஒடுங்கின. முகத்தில் மூக்கு இருந்தது, மூச்சு வாயால் ஓடியது. துணித்திரியை எடுத்தபின் துவாரத்தைத் திறந்து வைப்பது யார் என்ற வினாவுக்கு இந்திய முறையிலும் விடை இல்லை.

விடையைக் காண மூக்கின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தமிழிலே இவற்றைப் படிக்க வழி செய்தவர்களில் முதன்மையானவர் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன். அவர் 1867 இல் 'இரண வைத்தியம்' என்ற சத்திர நூலையும், 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடலமைப்பு நூலையும் தமிழில் வெளியிட்டார். மதத்தால் அவரோடு வேறுபடுவோரும் இந்த உதவியை மறக்கலாகாது.

மூக்கின் மேல் மூன்றிலொரு பங்குக்குத்தான் கடின எலும்பு உண்டு. கீழ்ப்பகுதி முழுவதும் கசியிழையம். நடுவே ஒரு சுவர். அதன் இருபுறமும் கூரைபோற் சாயும் இரு மேற்றகடுகள். நுனியையும் துவார ஓரத்தையும் வளைத்து நிற்கும் இரு கீழ்த்தகடுகள். நாம் மூச்சை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகின்றது. பக்கச் சுவர்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. வாடிய பப்பாசித் தண்டினால் இளநீரை உறிஞ்சிப் பார்த்த சிறுவனுக்கு இது விளங்கும்: பச்சைத் தண்டு நிமிர்ந்து நிற்கும், வாடியது உறிஞ்சிய மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். மூக்கைப் பச்சைத் தண்டாக வைத்திருப்பது கசியிழையம். வெறுந்தோலால் ஆன மூக்கு வாடிய தண்டு. அன்றியும், உட்புறத்தில் ஈரச் சவ்வு இல்லாத தோல் பச்சைப் புண்ணாகவே உள்ளே நின்று, ஆறும்போது சுருக்குப் பையைப்போல் இழுத்துக்கொள்ளும். ஆகவே தேவைப்படுவன மூன்று: உள்ளே சவ்வு, நடுவே தகடு, வெளியே தோல். இந்திய முறை தந்தது மூன்றாவதை மட்டும்.

உட்புறத்தைச் சீர்செய்யும் முயற்சி மீண்டும் இந்தியாவிலேயே வளர்ந்தது. கொள்ளையர் மூக்கறுக்கும் வழக்கம் மலிந்திருந்த ஜுனாகத்தில், அச்சமஸ்தானத்துத் தலைமை வைத்தியர் திரிபோவன்தாஸ் மோதிசந்த் ஷா நான்காண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மூக்கு ஆக்கி, 1889 இல் நூலாக எழுதினார். இந்தூரிற் பணிபுரிந்த கீகன், எஞ்சிய மூக்குத் தோலை உட்புறமாக மடித்துப் புது மூக்குக்கு உள்வரியாக்கும் முறையை 1900 இல் வெளியிட்டார். அதே காலத்தை ஒட்டி ஜெர்மனியில் மங்கோல்ட் என்பவர் விலா எலும்பின் நுனிக் கசியிழையத்தை எடுத்து, இறங்கிய மூக்குக்கு முதுகாக வைத்தார். அதே நாட்டுக் கோனிக் காதின் ஒரு சிறு துண்டைத் தோலோடும் தகட்டோடும் எடுத்து மூக்கின் ஓரத்தில் ஒட்டினார். சங்கிதை ஒரே அத்தியாயத்தில் வைத்த இரண்டும் அப்போதுதான் ஒன்றையொன்று தொட்டன.

1914 இல் மூண்ட உலகப்போர் முகமிழந்தவர்களை ஆயிரக்கணக்காக்கியது. நியூசிலாந்திற் பிறந்த ஹரோல்ட் கிலிஸ் இங்கிலாந்தின் சிட்கப் வைத்தியசாலையில் அவர்களைப் பேணினார். 1920 இல் வந்த அவருடைய நூல், முகத்தைக் கட்டும் வேலையை உள்ளிருந்து வெளியே செய்யவேண்டும் என்கின்றது: முதலிற் சவ்வு, அடுத்துத் தாங்கும் சட்டம், கடைசியில் தோல். வீடு கட்டுவோர்க்கு இது புதிதன்று. வைத்தியர்க்கோ நூறாண்டுத் தோல்வியின்பின் வந்த அறிவு.

இதற்கிடையே, அறுபடாத மூக்கிலும் கத்தி நுழைந்தது. கோணிய நடுச்சுவரால் மூச்சடைப்போருக்கு, சிக்காகோவின் பிறீயரும் (1902) பிறைபேர்க்கின் கில்லியனும் (1904) இருபுறச் சவ்வையும் காத்து நடுத்தகட்டை மட்டும் எடுக்கும் முறையை வகுத்தனர். மேலும் முன்னும் ஒரு சென்ரிமீற்றர் அளவாவது தகட்டை விட்டுவைக்க வேண்டும். பேராசையோடு வெட்டினால் மூக்கு குதிரைச் சேணம்போல் விழும். ஒல்லாந்தின் மிங்க் 1903 இல், மேற்றகடு நடுச்சுவரோடு சேரும் ஒடுங்கிய கோணத்தை மூக்கின் வால்வு என்றார். பத்து முதல் பதினைந்து பாகை மட்டுமே உள்ள கோணம் அது. நம் மூச்சுக்காற்று உள்ளே போகும் வழியிற் சந்திக்கும் தடையில் ஏறத்தாழப் பாதி மூக்கிலேயே நிகழ்வது. அதிலும் பெரும்பங்கு இந்த ஒடுக்கத்தில்.

ஆனால் அழகுக்காக மூக்கைச் சிறிதாக்கும் கலை, பெர்லினில் ஜோசப் 1898 இல் தொடங்கியதுமுதல், இந்தக் கோணத்தைக் கவனியாமலே பல்லாண்டு ஓடியது. முதுகின் மேட்டைச் சீவும்போது மேற்றகடுகள் நடுச்சுவரைவிட்டுக் கழன்று உள்ளே விழுந்தன. கண்ணாடியைப் பார்த்து மகிழ்ந்தவர் இரவில் வாயைத் திறந்து உறங்கினார். சிக்காகோவின் கொட்டில் போன்ற சிலர் மூச்சே முதல் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வற்புறுத்தினர். அமெரிக்கரான ஷீன் 1984 இல், சுவருக்கும் மேற்றகட்டுக்கும் இடையே தீக்குச்சி போன்ற கசியிழையக் கீற்றுகளைச் செருகிக் கோணத்தை விரிக்கும் முறையை எழுதினார். அறுத்தவன் பகைவனாயினும் அழகு வைத்தியனாயினும், தகட்டைத் தொலைத்த மூக்குக்கு நேர்வது ஒன்றே.

பெரியோர் விரும்பக்கூடிய ஒரு செய்தியையும் இடையிற் சொல்லிவிடலாம். இடகலை, பிங்கலை என்று சரம் மாறி ஓடுவதைத் திருமூலர் முதலாய யோகியர் கூறினர். ஒரு துவாரத்தின் உட்சவ்வு சில மணி நேரம் தடிக்க, மற்றது மெலிய, பின் முறை மாறுவதை ஜெர்மானிய வைத்தியர் கைசர் 1895 இல் விவரித்தார். நாடிகளைப்பற்றி யோகநூல் சொல்லும் மற்றவை யாவும் இதனால் நிறுவப்பட்டுவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. மூச்சை இருந்து கவனித்தவர் கண்டதை, கருவி கொண்டு நோக்கியவரும் கண்டார்; அவ்வளவே.

இன்று புற்றுநோயால் மூக்கை இழந்தவருக்கும் விபத்தில் இழந்தவருக்கும், நெற்றித் தோலே இன்னும் முதல் தெரிவாக உள்ளது. 1980 களில் அமெரிக்காவின் பேர்ஜெட்டும் மெனிக்கும் அதனோடு மெல்லிய உள்வரியையும் காதிலிருந்தும் விலாவிலிருந்தும் எடுத்த தகடுகளையும் சேர்த்து, மூன்றடுக்கையும் முறையாக்கினர். பூனாக் குயவர் இருபத்தைந்தாம் நாள் அறுத்த காம்பை, இன்றைய வைத்தியர் பெரும்பாலும் மூன்றாம் அல்லது நாலாம் வாரத்தில் அறுக்கின்றனர். உள்ளே தகட்டைச் செதுக்கித் திருத்த, இடையில் இன்னொரு சிகிச்சை செய்வோரும் உளர். விலாவின் கசியிழையம் செதுக்கியபின் தானே வளையும் இயல்புடையது. கிப்சனும் டேவிசும் 1958 இல், இருபுறமும் சமனாக இழுவிசை நிற்கும்படி நடுப்பாகத்தைச் செதுக்கினால் வளைவு குறையும் என்று காட்டினர். ஆகவே செதுக்கிய துண்டை உப்புநீரிற் போட்டுச் சற்று நேரம் வைத்திருந்து, அது எப்பக்கம் திரும்புகின்றது என்று பார்த்த பின்பே மூக்கில் வைக்கின்றனர். ஆறும்வரை துவாரங்களில், வேண்டியவருக்கு, இரு சிறு சிலிக்கோன் குழாய்கள் செருகப்படுகின்றன.